ஆடிக்குப் போன மருமகள்

ஜூலை 16, 2025, புதன்

நாளை ஆடி பிறக்கிறது. என்னைக் கூட்டிப்போக அம்மா மேலூரிலிருந்து காலையிலேயே வந்து நின்றுவிட்டாள். கல்யாணமாகி முதல் ஆடி. புருஷன் பெண்டாட்டி சேர்ந்து இருக்கக் கூடாதாம். என் புருஷன் இருப்பது கனடாவில்! தை மாதம் தாலி கட்டி, இருபத்திரண்டு நாள் கூட இருந்துவிட்டு விமானம் ஏறியவர். அவரோடு அங்கே நிரந்தரமாகக் குடியிருக்க எனக்கு அனுமதி கேட்டு விண்ணப்பித்து ஐந்து மாதம் ஓடிவிட்டது.

"மாப்ள எங்கிட்டு இருந்தா என்ன? வழக்கம்னா வழக்கம்," என்றாள் அம்மா.

மாமியாரும் ஒத்து ஊதினார். "போயிட்டு வாத்தா." புருஷன் ஊரான பரவையில் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். இதற்குச் சிரிப்பதா, அழுவதா?

ஆகஸ்ட் 2, சனி

விண்ணப்பம் என்ன ஆயிற்றென்று இன்று பதினோரு தடவை போனில் பார்த்தாயிற்று. 'பரிசீலனையில் உள்ளது.'

ஆகஸ்ட் 11, திங்கள்

அவரோடு இன்றைய போன் பேச்சு முழுவதும் இதுதான். "மெயில் வந்துச்சா?" "வரல." "சாப்டியா?" "ம்."

பஸ் ஸ்டாண்டில் பூக்காரம்மா வேறு, "கனடாவுக்கு இன்னுமா கிளம்பல?" என்கிறார். கிளம்புறேன் தாயி, நடந்தே கிளம்புறேன்!

செப்டம்பர் 9, செவ்வாய்

ஆடி முடிந்து பரவைக்குத் திரும்பி மூன்று வாரம். கனடா விசா ஆபீசிலிருந்து மெயில் வந்தது. அய்யோ, வராமலே இருந்திருக்கலாம். நான் கணவர் வீட்டில் இல்லை என்று தெரியவந்ததாம். இருவரும் பிரிந்துவிட்டீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். முப்பது நாளுக்குள் ஆதாரத்தோடு விளக்கம் வேண்டும்.

யாரு சொன்னது? எவ சொன்னா? குதித்தேன். மாமியார் அத்தை மெதுவாக வாயைத் திறந்தார். ஆடியில் ஒரு போன் வந்ததாம், மார்க்கெட்டில் தன் காய்கறிக் கடையில் தக்காளி நிறுத்துக்கொண்டிருந்தபோது.

"தமிழ்லதான் பேசுச்சு ஒரு பொம்பள. மருமக இருக்கான்னு கேட்டுச்சு. இல்லத்தா, அவுக அம்மா கூட்டிட்டுப் போயிட்டாகன்னேன்."

"ஆடின்னு சொன்னீங்களா அத்தை?"

"ஆடி மாசத்துல ஆடின்னு எதுக்குத்தா சொல்லணும்? ஊருக்கே தெரியுமே!"

கத்திவிட்டேன். பெரியவர் என்றுகூடப் பார்க்கவில்லை. அத்தை சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆதாரத்துக்காக, விளக்கம் எழுதித் தரும் வக்கீல் சொன்னபடி எங்கள் வாட்ஸ்அப் பேச்சையெல்லாம் பிரிண்ட் எடுத்தேன். மார்ச் மட்டும் நூற்றுப் பத்துப் பக்கம். ஆகஸ்ட் நாலு. நாலே பக்கம்! அதிலும் பாதி 'மெயில் வந்துச்சா'தான். அந்த அதிகாரி கேட்டதில் என்ன தப்பு? நாங்க புருஷன் பொண்டாட்டிதானா? எனக்கே சொல்லத் தெரியலையே.

நாலு பக்கத்தையும் படம்பிடித்து அவருக்கு அனுப்பினேன். வேறொன்றும் எழுதவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

அவர் கூப்பிட்டார்.

"ஒன் நம்பரப் பாத்தாலே பயமா இருக்கு செல்வி. வரல வரலன்னு சொல்லிச் சொல்லி, என்னமோ நாந்தான் ஒன்னய ஏமாத்துற மாதிரி ஆகிப்போச்சு."

எனக்கும் அதே பயம்தான் என்றேன். இருவரும் மெயிலைப் பற்றிக் கேட்கவில்லை. வெகுநேரம் போனையும் வைக்கவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

விளக்கம் போய்விட்டது. ஆடி என்றால் என்ன என்று மட்டும் ஒன்றரைப் பக்கம். அத்தை கடையைப் பூட்டிவிட்டு வக்கீலிடம் வந்தார். "பிரிச்சு வச்சது பெரியவுக நாங்க. அதுக ரெண்டும் பிரியல. அப்படியே எழுதுங்கய்யா," என்றார். ஒச்சம்மாள் என்று எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். வரும் வழியில் மன்னிப்புக் கேட்டேன். "போடி கிறுக்கி," என்றார்.

டிசம்பர் 3, புதன்

'பரிசீலனையில் உள்ளது.' நாசமாப் போக.

ஜனவரி 12, 2026, திங்கள்

மெயில் வரவில்லை. அவர் வந்துவிட்டார். சம்பளமில்லாத லீவு, ஒரு மாதம்.

ஏர்போர்ட்டில் பக்கத்தில் வந்து நின்றபோதுதான் அவர் உயரமே நினைவு வந்தது. போனில் முகம் மட்டும்தானே தெரியும். காரில் அத்தை ஒருவர்தான் பேசிக்கொண்டு வந்தார். வீட்டிலும் எங்கள் இருவருக்கும் பேச்சு எழவில்லை. வெட்கமா, பயமா — தெரியவில்லை. காபி போடுகிறேன் என்று அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.

பால் காயும்போது போன் அதிர்ந்தது. முன்னறையிலிருந்து அவர்தான். 'என்ன பண்ற?'

'காபி போடுறேன். வாங்க' என்று அடித்தேன்.

வந்தார்.