நான் திருடாத கூம்பு

வில்பர், நெப்ராஸ்கா
அக்டோபர் 3

அன்பு மகள் மார்செலாவுக்கு அம்மா எழுதுவது. எனக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, கண் தெளிவாக இருக்கிறது, உன் உடம்பு எப்படி என்பது நீ எழுதினால்தான் தெரியும், ஈஸ்டருக்குப் பிறகு நீ எழுதவில்லை. முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். எழுபத்தெட்டு வயதில் உன் அம்மா பந்தயத் திடலில் வைத்திருந்த ஆரஞ்சு பிளாஸ்டிக் கூம்பைத் திருடினாள் என்று உன் சித்தி டோலோரஸ் உனக்கு நார்வேக்கே போன் போட்டுச் சொன்னாளாம், அதை என்னிடமே பெருமையாகச் சொல்கிறாள். நான் எதையும் திருடவில்லை. கூம்பு தானாக வீட்டுக்கு வந்தது.

நீயும் அப்பாவும் பழைய ஃபோர்டு உடம்பில் லாரி எஞ்சினை வைத்துக் கொட்டகையில் கட்டிய ஹாட் ராட் பந்தய வண்டியை அவள் கணவன், உன் சித்தப்பா வெர்னன், மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். இந்த வசந்தத்தில் சாப்பாட்டு மேசையிலேயே அவன், ஏன் அண்ணி, உங்க வண்டி பந்தயத்துக்கு வருதா இல்ல வீடு வீடா பால் ஊத்த வருதா என்று கேட்டான். எனக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பருவத்தில் ஒரு தடவையாவது உன்னை ஜெயிக்காவிட்டால் வண்டி உனக்கு என்று சொல்லிவிட்டேன். சொன்னது போதாதென்று எழுதியும் கொடுத்தேன், டோலோரஸ் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். செப்டம்பர் கடைசி ஞாயிறு வரைக்கும் ஒரு தடவையும் ஜெயிக்கவில்லை. அன்றைக்குத்தான் கடைசிப் போட்டி.

நீ அப்பாவோடு கொட்டகையில்தான் இருந்தாய், திடலுக்கு ஒருநாளும் வந்ததில்லை, அதனால் விதியைச் சொல்கிறேன். கூம்புகளுக்கு நடுவே ஒவ்வொரு வண்டியாக வளைந்து வளைந்து ஓட வேண்டும், கூம்பைச் சாய்த்தாலோ அதைச் சுற்றிப் போட்ட சுண்ணாம்புக் கட்டத்தை விட்டுத் தள்ளினாலோ இரண்டு விநாடி தண்டனை. ஓட்டுகிறவர்களே முறை வைத்துத் திடலில் நின்று, இடிபட்ட கூம்பை ரேடியோவில் சொல்ல வேண்டும். வெர்னன் ஓட்டும்போது இரண்டாம் திருப்பத்தில் நான் நின்றேன். அவனுடைய சிவப்பு வண்டி ஒரு கூம்பை இடித்தது. சாயவில்லை, நகர்ந்தது. நான் மண்டியிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அடிப்பாகத்தின் ஒரு மூலை கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது, நகம் அகலம்தான், ஆனால் கோட்டைத் தொட்டால் உள்ளே என்றுதான் கணக்கு. பாட்டி, நாங்க என்ன ஜெபம் முடியற வரைக்கும் காத்திருக்கணுமா என்று ரேடியோவில் ஒருவன் கேட்டான். தண்டனை இல்லை என்று சொன்னேன். அந்த இரண்டு விநாடியைப் போட்டிருந்தால் வண்டி அப்போதே எனக்குப் பாதி நிச்சயமாகியிருக்கும். ஆனால் எனக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரிகள் அதற்காகவா பாடுபட்டார்கள்.

அவன் நேரம் நாற்பத்தெட்டு விநாடியும் சொச்சமும். பிறகு என் முறை, அன்றைய கடைசி ஓட்டம். மாதா கோவிலில் கழித்துப்போட்ட முழந்தாளிடும் மெத்தையைச் சீட்டில் போட்டால்தான் எனக்குச் சாலை தெரியும், போட்டுக்கொண்டேன். நாற்பத்தேழரையில் முடித்தேன். மூன்றாம் திருப்பத்தில் நின்ற வெர்னன் ரேடியோவில் எதுவும் சொல்லவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள், நான் வீட்டுக்கு ஓட்டி வந்தேன். வழியெல்லாம் கருகின வாசனை வந்தது. டோலோரஸ் சுட்டுக் கொடுத்தனுப்பிய கோலாச்சி பன்னாக இருக்கும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை கொட்டகையைப் பெருக்கும்போது முன் அச்சுக்கு அடியில் ஆரஞ்சு நிறமாக ஏதோ தெரிந்தது. முழுக் கூம்பு. இரண்டு விநாடி. நான் தோற்றவள்.

அப்படியே அதைத் தூக்கிக்கொண்டு வெர்னன் வீட்டுக்கு நடந்தேன், அதைத்தான் டோலோரஸ் ஜன்னலில் பார்த்திருக்கிறாள். வெர்னன் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. பாத்தேன் அண்ணி, வண்டிக்கு அடியில போச்சு, வெளிய வரல, நின்னபடியே தூக்கிட்டுப் போனா தண்டனைன்னு விதியில இல்ல, சாஞ்சுதா நின்னுதான்னு நான் எப்படிச் சொல்றது என்றான். அதைச் சொல்லவா உன்னை அங்கே நிறுத்தினார்கள் என்று கேட்டேன். தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வண்டிய நான் எடுத்துக்கிட்டா ஞாயித்துக்கிழமை யாரோட போட்டி போடறது, டோலோரஸோடவா என்றான். உள்ளே பாத்திரம் ஒன்று விழுந்தது.

சாவியை அவன் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் அது என் தபால் பெட்டியில் கிடந்தது. பூசையில் அவன் தொப்பிக்குள் போட்டேன். நேற்று டோலோரஸ் கொடுத்தனுப்பிய முட்டை அட்டையில், பன்னிரண்டாம் முட்டை இருக்க வேண்டிய குழியில் திரும்பி வந்திருக்கிறது. இப்படியே போனால் யாராவது அதைச் சாப்பிட்டுவிடுவார்கள்.

ஆகையால் தீர்ப்பு உன்னுடையது, அவனும் சம்மதித்துவிட்டான். அந்த அச்சைப் பற்றவைத்தவள் நீ, ஒரு கூம்பு அதில் நின்றபடியே ஏறிக்கொள்ளுமா, சாய்ந்துதான் போயிருக்குமா என்பது உனக்குத் தெரியும். வண்டி இல்லாத கொட்டகையைத் திறந்து பார்க்க எனக்கு விருப்பமில்லை, ஆனால் இதை நீ கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. கூம்பைக் கழுவிப் பந்தயச் சங்கத்திடம் கொடுத்துவிட்டேன்.

குளிருக்குக் கம்பளிக் காலுறை போடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. கர்த்தர் உன்னைக் காப்பார், அப்பாவும் மேலேயிருந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பார், இந்த விஷயத்தில் சிரித்துக்கொண்டும் இருப்பார். சாவி இந்த உறைக்குள் இருக்கிறது. வண்டி யாருக்கோ அவர் முகவரிக்கு அதை அனுப்பு. என் முகவரி பின்பக்கத்தில். வெர்னன் முகவரியும் இருக்கிறது, தாளில் இடம் போதாததால் எழுத்து சிறிதாகிவிட்டது. போனில் சொல்லாதே. காரணத்தோடு, மையில், பதில் எழுது.

உன் அம்மா
அடலின் ஹவ்ரானெக்