லேமினேட் செய்த சீட்டு

என் டாக்டருக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நம் பொழிச்சலூர் கிளினிக்கில் இப்போது காலை, மாலை இரண்டு வேளையும் நானே உட்காருகிறேன். மாலையில் வருகிறவர்கள் இன்னும் "சார் இல்லையா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள். எனக்குக் கோபம் வருவதில்லை.

அந்த மூட்டுவலி மாத்திரை நினைவிருக்கிறதா? இதய நோயாளிகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று எச்சரிக்கை வந்த அன்று, நிறுத்தச் சொன்ன என்னோடு சண்டை போட்டீர்கள். "இருபது வருஷமா எழுதுறேன், யாருக்கு என்ன ஆச்சு?" என்றீர்கள். மறுநாளே சத்தமில்லாமல் அதை எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். தோற்றதை ஒத்துக்கொள்ளும் வழக்கம் உங்களுக்கு ஏது?

போன மாதம் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் தனபால் வந்தார். கால் வீக்கம், மூச்சிரைப்பு. போன வருஷம்தான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், பையிலிருந்து உங்கள் சீட்டை எடுத்தார். எச்சரிக்கை வருவதற்கு முன்பு, முட்டிவலிக்கு ஐந்தே நாளுக்கு நீங்கள் எழுதியது. அதைக் காட்டியே இத்தனை நாளும் மருந்துக்கடையில் வாங்கியிருக்கிறார். ஸ்டென்ட் வைத்த ஆஸ்பத்திரியில் இதைச் சொல்லவும் இல்லையாம்.

"கிழிஞ்சிடப் போவுதுன்னு லேமினேட் பண்ணி வச்சிகினு கீறேன் மேடம்," என்றார் பெருமையாக.

இந்த மனிதருக்கு ஏதாவது ஆகியிருந்தால்? வந்தவர்களுக்கெல்லாம் நிறுத்தினீர்கள், சரி. வராதவர்களைப் பற்றி நாம் இருவருமே ஏன் யோசிக்கவில்லை?

உடனே நிறுத்தச் சொன்னேன். அவர் மசியவில்லை. "சார் எழுதினது எப்டி மேடம் தப்பாவும்?"

எதிரில் உயிரோடு உட்கார்ந்திருக்கிற டாக்டர் நான். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. "சாரே அப்புறம் இதை நிறுத்திட்டார் தனபால். நீங்க வராததால உங்களுக்குச் சொல்ல முடியல," என்றேன்.

"சாரே நிறுத்திட்டாரா? அப்போ சரி," என்று சீட்டை என் மேஜைமேல் வைத்துவிட்டார்.

அன்றைக்கே இதய டாக்டரிடம் அனுப்பினேன். நேற்று தனபால் திரும்ப வந்தார். வீக்கம் வடிந்திருக்கிறது, மூச்சும் சீராக இருக்கிறது. முட்டிக்குக் களிம்பும் பயிற்சியும் போதுமாம். நேற்றிலிருந்து எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இப்போது உங்கள் பழைய நோட்டுகளை எடுத்து, அந்த மாத்திரை எழுதிய ஒவ்வொருவருக்கும் போன் செய்துகொண்டிருக்கிறேன். உங்கள் கையெழுத்தைப் படிக்க வேறு யாரால் முடியும்? கடைசிப் பெயர்வரை கூப்பிடுவேன். ஒவ்வொருவரிடமும், சார் நிறுத்தச் சொன்னார் என்றே சொல்வேன்.

என்றும் உங்கள் மனைவி,
மல்லிகா