போணிக்கு முன்னால்

ஐப்பசி 3, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து தூறல். சமையலறைக் கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகல், அடியில் குண்டானும் சொம்பும். ஸ்ரீரங்கம் வந்து பன்னிரண்டு நாள். கோபுரம் இருக்கிறது, காவேரி இருக்கிறது, பெருமாள் இருக்கிறார். கறிகாய்தான் இல்லை. இருக்கிறது, எங்களுக்கு இல்லை. பேச்சிலேயே ஊருக்குப் புதிது என்று கண்டுபிடித்து விலையை ஏற்றுகிறார்கள். கேட்டால் யுத்த காலமாம். கத்தரிக்காய் எந்த யுத்தத்துக்குப் போகிறது?

பருப்பு, அப்பளம், மறுபடி பருப்பு. அண்ணா அகத்துக்காரிக்கு ஏழாம் மாதம். வாய்க்கு ருசியாக ஒரு கறியமுது உண்டா என்று நேற்று இலையின் முன்னால் அழுகை. எதிர்வீட்டு மாமி வழி சொன்னாள்: கொள்ளிடத்துக்கு அக்கரையிலிருந்து பெண்கள் வடக்கு வாசலுக்குக் கூடை கொண்டுவருகிறார்களாம், மலிவாம், ஆனால் விடியுமுன் போக வேண்டுமாம். அண்ணாவுக்குத் திருச்சியில் ஆபீஸ். மன்னிக்கு வயிறு. பாக்கி நான். பதிமூன்று வயதில் அறுத்தவள், இப்போது இருபத்தாறு, ஒரு வேலையும் இல்லாதவள்.

4, புதன்

தூறல் விட்டது. இருட்டோடு போனேன். பத்துப் பன்னிரண்டு கூடை, கூடைக்கு ஒரு சிம்னி விளக்கு. வாங்க வந்ததில் முதல் ஆள் நான். அவரைக்காய்க்காரி வாயெல்லாம் பல்லாக, போணி பண்ணுங்கம்மா என்று கூப்பிட்டாள். எங்கள் கூட்டத்தில் தாலி அறுத்தவளுக்குத் தலை மழிக்கிற வழக்கமில்லை. தூரத்திலிருந்து கொண்டைதான் தெரிந்திருக்கும். விளக்குக்குக் கிட்டே குனிந்ததும் பாழ் நெற்றி தெரிந்தது. சிரிப்பு போய்விட்டது.

"இன்னும் போணி ஆவலம்மா. அப்புறம் வாங்க."

அப்புறம் என்றால் எப்போது என்று கேட்டேன். முட்டாள் மாதிரி நின்றுகொண்டே இருந்தேன். பின்னால் வந்த இரண்டு பேர் என்னைப் பார்த்துவிட்டு அடுத்த கூடைக்குத் திரும்பினார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கை அவரைக்காயை வாரி என் பையில் கொட்டினாள். காசை நீட்டினேன். கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"காசு வேணாம். நகந்தா போதும்."

வீட்டுக்கு வந்து சொல்லி அழுதேன். அண்ணா சூள் கொட்டினான். மன்னி பையைக் கவிழ்த்து ஒரு காயை ஒடித்துப் பார்த்தாள். நல்ல பிஞ்சாக இருக்கிறதே என்றாள்.

5, வியாழன்

மன்னியே எழுப்பினாள். தன் கையால் காபி கலந்து கொடுத்தாள். அவள் இந்த வீட்டுக்கு வந்த மூன்று வருஷத்தில் முதல் தடவை.

"கனகா, இன்னிக்கு வெண்டைக்காய்க்காரி முன்னாடி நில்லேன். சும்மா நின்னாப் போறும்."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அண்ணாவைப் பார்த்தேன். அவனுக்கு அப்போதுதான் பஞ்சாங்கத்தில் ஏதோ அவசரமாகத் தேட வேண்டியிருந்தது. பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்படுகிறாள், உனக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்றான், முகத்தை நிமிர்த்தாமல். வாஸ்தவம். குறைய என்ன இருக்கிறது.

போனேன். வெண்டைக்காய் கிடைத்தது.

9, திங்கள்

மழை. மடித்துணி காயவில்லை.

வெள்ளி: புடலை ஒன்று, முழ நீளம்.
சனி: பறங்கிக் கீற்று.
ஞாயிறு: வாழைப்பூ, ஒரு கை கொத்தவரை.
இன்று: மேற்படி கொத்தவரை, கொஞ்சம் முற்றல்.

தொழில் படிந்துவிட்டது. அவசரப்படக் கூடாது. பேசக் கூடாது. விளக்கு வெளிச்சம் நெற்றியில் விழுகிற மாதிரி நிற்க வேண்டும். ஒரு வாய் வெற்றிலை மெல்லுகிற நேரம்தான், அதற்குள் கை கூடைக்குப் போய்விடும். போடும்போது காலங்காத்தால சனியன் என்பார்கள். முதல் இரண்டு நாள் காது கூசியது. இன்று, முற்றலைத் தள்ளிவிட்டுப் பிஞ்சாகப் போடு என்று கண்ணாலேயே காட்டினேன்.

இத்தனை மலிவாக எங்கே பிடிக்கிறீர்கள் என்று எதிர்வீட்டு மாமி கேட்டாளாம். எங்கள் நாத்தனாருக்குக் கைராசி, மாமி என்று மன்னி பதில். சமையலறையில் என் காதில் விழுந்தது. சிரிப்பு வந்தது, பிறகு கொத்தவரையைத் தொடவே பிடிக்கவில்லை.

ஆனால் சாப்பிடுகிறேன். அதையும் எழுதிவிட வேண்டும். வாழைப்பூ பருப்புசிலி இரண்டாம் தடவை கேட்டுப் போட்டுக்கொண்டேன்.

11, புதன்

கூடைகள் ஆரம்பிக்கிற இடத்திலேயே புதிதாக ஒரு கீரைக்காரி. பேர் செல்லாயி. வழக்கம்போலப் போய் நின்றேன். நிமிர்ந்து என் நெற்றியை நன்றாகப் பார்த்தாள். என்ன கீரை வேண்டும் என்றாள்.

முளைக்கீரை என்றேன். ஒரு கட்டை எடுத்துத் தண்ணீரை உதறி நீட்டினாள். மற்றக் கையையும் நீட்டினாள், காசுக்கு. இன்னும் போணி ஆகவில்லையே என்றேன், என் குற்றத்தை நானே ஒப்புக்கொள்கிற மாதிரி.

"ஆவலதான். குடுங்க."

காலணாவை வாங்கினாள். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு சுருக்குப்பையில் போட்டாள்.

பதிமூன்று வருஷமாக என் கைப்பட்டதை யாரும் கண்ணில் ஒற்றிக்கொண்டதில்லை. வடக்கு வாசலிலிருந்து வீடு வரை அழுதுகொண்டே வந்தேன். அத்தனை சந்தோஷம்.

மன்னிக்குக் கோபம். காலணா பெரிதில்லையாம், வழக்கம் கெட்டுப்போகுமாம். ஒருத்தியிடம் காசு கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்களாம். கேட்கட்டுமே. எல்லாருக்கும் கொடுக்கத்தான் எனக்கு ஆசை.

13, வெள்ளி

நேற்றும் செல்லாயியிடம்தான். சிறுகீரை. நேற்றும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இன்று சீக்கிரமே போய்விட்டேன். மழை பிடித்துக்கொண்டது, வாசல் சுவரோரம் ஒதுங்கினேன். அவரைக்காய்க்காரி எழுந்து வந்து ஒரு கை அவரையைச் செல்லாயி கூடையில் போட்டாள். புடலைக்காரி ஒரு துண்டு புடலை. வரிசையாக எல்லாரும். அவரைக்காய்க்காரிதான் பேசினாள்.

"அந்தம்மாவ மொதல்ல நீயே வாங்கிக்க. எங்க பக்கம் வராம பாத்துக்க."

செல்லாயி கூடையைப் பார்த்துவிட்டு, வெண்டைக்காய்க்காரி இன்னும் போடவில்லையே என்றாள்.

என் முகத்தில் முதலில் முழிக்க அவளுக்குக் கூலி. முனையில் இடம் கொடுத்ததும் அதற்குத்தான்.

நேரே போய் அவள் எதிரில் நின்றேன். கேட்டுவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை.

"எதுக்குங்க அழுவுறீங்க? நீங்களும் அதுலதான சாப்புடுறீங்க."

அறைந்திருந்தால் திருப்பி அறைந்திருப்பேன். இதற்கு என்ன செய்ய? நிஜத்தைச் சொல்லிவிட்டாள், பாவி. கீரை வாங்காமல் திரும்பினேன். மழையால் யாரும் வரவில்லை என்று மன்னியிடம் பொய்.

15, ஞாயிறு

மன்னி பிறந்தகம் கிளம்புகிற நாள். அவள் அப்பா கும்பகோணத்திலிருந்து நேற்றே வந்துவிட்டார். ஒன்பதுக்குள் கிளம்பினால் நல்ல நேரம். வாசலில் ஜட்கா.

கிளம்பும்போது எதிரே வராமல் கொல்லையிலேயே இரு என்று அண்ணா விடிந்ததுமே சொல்லிவிட்டான். புதிதா என்ன? சரி என்றேன். இருக்கவும் இருந்தேன். வெண்கலப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் மன்னி அண்ணாவிடம் சொல்வது கேட்டது.

"நான் இல்லேன்னு கனகாவை அனுப்பறதை நிறுத்திடாதீங்கோ. வழக்கம் விட்டுப்போயிடும்."

கையைக் கழுவினேன். பக்கத்துச் சந்து வழியாக வாசலுக்கு வந்தேன். ஜட்காவுக்கும் நிலைப்படிக்கும் நடுவில் நின்றேன். பேசவில்லை. நல்ல வெயில், நெற்றியில் நேராக விழுந்தது.

படியில் வைத்த காலை மன்னி பின்னால் எடுத்துக்கொண்டாள். அவள் அப்பா நாராயணா என்றார். அண்ணா முதலில் அதட்டினான், பிறகு கெஞ்சினான், நேரம் போகிறது கனகா என்று. நான் நின்றேன். ஜட்காக்காரன்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"உனக்கு என்னடி வேணும்?"

நாளையிலிருந்து கறிகாய்க்கு நீ போக வேண்டும் என்றேன் அண்ணாவிடம்.

"போறேன். நகந்துக்கோ."

மன்னி அழுதாள். வேஷம் இல்லை. என் கண் படாமல் இரண்டு கையாலும் வயிற்றை மறைத்துக்கொண்டிருந்தாள். இருபது வயது. கேட்டது கிடைத்துவிட்டது, நான் நகர்ந்திருக்கலாம். இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.

18, புதன்

வெயில். துணிகள் காய்ந்தன. மூன்று நாளாக அண்ணா வடக்கு வாசலுக்குப் போகிறான். சொத்தைக் கத்தரிக்காய், யானை விலை. அந்தம்மா வரலியா என்று அவனைக் கேட்கிறார்களாம். என்னிடம் அவன் சொன்னது அது ஒன்றுதான், மற்றபடி பேச்சில்லை.

மத்தியானம் கும்பகோணத்திலிருந்து கார்டு. படித்துவிட்டு மாடத்தில் வைத்துவிட்டுப் போனான். எடுத்துப் பார்த்தேன். க்ஷேமமாகப் போய்ச் சேர்ந்தார்களாம். டாக்டரம்மா பார்த்தாளாம், குழந்தை நன்றாக இருக்கிறதாம். மன்னிக்கு நல்ல பசியாம்.

இரண்டு தடவை படித்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தெருவில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் தந்தியோ என்று வாசலுக்கு ஓடினேன். பயத்தில் ஓடுகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். பயம் இல்லை அது. கார்டைத் திரும்ப மாடத்தில் வைக்கும்போது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.