வேண்டாம் என்று பேசிய டேப்லெட்

பாடாலூர்,
கார்த்திகை கடைசி வெள்ளி.

அன்பு மகன் கலையரசனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை சுவாதியும் நலம், போன மாதம் கன்று போட்ட மாடும் நலம். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நலமாக இருக்க வேண்டும் என்று வாலிகண்டபுரத்துச் சாமியிடம் சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். சண்டை போட எழுதினாலும் நலம் விசாரிக்காமல் தொடங்கக் கூடாது, அதனால் விசாரித்துவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அவள் நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு உன் சித்தப்பா குழந்தைவேல் மண்டபத்து வாசலிலேயே நின்று உனக்குப் போன் போட்டு, "சபையில மானம் போச்சுடா, உங்கப்பன் அந்த மிஷின வச்சுகிட்டுக் கல்யாணத்தையே தள்ளி வச்சுட்டாரு" என்று ஒப்பித்தது எனக்குத் தெரியும். நீ உடனே என்னைக் கூப்பிட்டு, "இதுக்குத்தாம்மா டேப்லெட்டு வேணாம்னு தலபாடா அடிச்சுகிட்டேன்" என்று கத்தினாய். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் குறுக்கே விழுந்தாய். கடிதத்தில் குறுக்கே விழ முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். நம் ஊர் ராஜேஷ் லீவு முடிந்து சிங்கப்பூர் திரும்புகிறான், அவனிடம் அதிரசத்தோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன். தின்றுகொண்டே படி, கோபம் இறங்கும். எனக்கு இன்னும் இறங்கவில்லை.

அப்பாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆன சமயத்தில் நீ வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனாய், நல்ல பிள்ளையாகத்தான் பார்த்துக்கொண்டாய், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் குரல் போன மனுஷன் வீட்டுக்கு வந்த பிறகு எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியாது. பஞ்சர் கடையில் லாரிக்காரர்களிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே டயரைக் கழற்றி மாட்டுகிற ஆள். கோடையில் சுற்றுவட்டாரத்தில் எங்கே கபடி நடந்தாலும் மைக் அவர் கையில்தான் இருக்கும், தோற்கிற டீமைக்கூடச் சிரிக்க வைத்துவிடுவார். அந்த ஆள் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு டயர் அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். பேச்சு வராது என்று தெரிந்ததும் காதும் கேட்காது என்று நினைத்து வருகிறவனெல்லாம் அவர் முகத்துக்கு நேராகக் கத்துகிறான். ஒருநாள் நானே போய், "பேச்சுதான்யா போச்சு, காது ஒன்னவிட நல்லா கேக்கும்" என்று ஒரு டிரைவரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தேன். கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்றை ஆஸ்பத்திரியில் காட்டினார்கள், அந்தக் கரகரப்பைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டில் தட்டைத் தட்டினால் சோறு, சொம்பைத் தட்டினால் தண்ணீர் என்று ஆகிப்போனது.

அப்போதுதான் அரியலூர்ச் சம்பந்தி வீட்டில் பேசி முடித்து நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள். நம் வகையறா வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. தட்டு மாற்றுவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் எழுந்து, பெண் கொடுக்கச் சம்மதமா என்று மூன்று தரம் கேட்பார். பெண்ணைப் பெற்றவர் சபை காதில் விழ மூன்று தரமும் சம்மதம் சொல்ல வேண்டும், தலையாட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். உன் சித்தப்பா கூடத்தில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து, "அண்ணனுக்குப் பதிலா நாஞ் சொல்லிடுறேன் அண்ணி, ஒரு வார்த்ததானே" என்றார். அப்பா எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன், மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். தகப்பன் இல்லாத பெண்ணுக்குத்தான் சித்தப்பன் எழுந்து சம்மதம் சொல்வான், உன் தங்கைக்குத் தகப்பன் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். அவர் பேச வேண்டியதை அவர்தான் பேச வேண்டும் என்று அந்தக் கொட்டகையில் நின்று முடிவு எடுத்தேன்.

அதற்காக டேப்லெட் வாங்கப் போகிறேன் என்று சொன்னதற்குத்தான் நீ அத்தனை புத்திமதி சொன்னாய். போன் போதும் என்றாய், ஒரு ஸ்லேட்டை வாங்கிக் கொடு என்றாய், இந்த வயதில் அவர் எங்கே கற்றுக்கொள்ளப் போகிறார், மூலையில் கிடந்து தூசி படியும் என்றாய். போனை நான் முயற்சி செய்து பார்க்காமலா சொன்னேன்? காலமெல்லாம் ரப்பரும் சொல்யூஷனும் தேய்த்துத் தேய்த்து உன் அப்பாவின் விரல் காய்த்துக் கட்டையாகிவிட்டது, அவர் தொட்டால் அந்தப் போனுக்குத் தெரியவே மாட்டேன் என்கிறது. நாலு தரம் அழுத்தினால் ஒரு தரம் வேறு எதையோ திறக்கும். எரிச்சலில் கட்டில் மேல் வீசிவிட்டுப் போய்விடுவார். ஸ்லேட்டில் எழுதினால் பக்கத்தில் நிற்கிறவன் படிக்கலாம், அடுப்படியில் நிற்கிற நான் எப்படிப் படிப்பது, சபை எப்படிப் படிக்கும்? டேப்லெட்டில் பேனா வைத்துத் தமிழிலேயே எழுதலாம், எழுதியதை அதுவே சத்தமாகச் சொல்லும் என்று சுவாதி ஹாஸ்டலில் இருந்து சொன்னாள். அது போதும் எனக்கு. உன்னிடம் ஒரு பைசா கேட்கவில்லை, என் பால் காசு இருந்தது.

அப்பாவை இழுத்துக்கொண்டு பெரம்பலூர் போனேன். இழுத்துக்கொண்டு என்றால் நிஜமாகவே இழுத்துக்கொண்டுதான், பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவர் இறங்கும்வரை என்னைப் பார்க்கவில்லை. கடைக்காரப் பையன், "பேரப்புள்ளைக்காம்மா, படிக்கவா கேம் ஆடவா" என்று கேட்டான். "எம் புருஷனுக்கு, பேச" என்றேன். அவன் முழித்த முழியைப் பார்க்க வேண்டுமே. சின்னதாக ஒன்றைக் காட்டினான், மலிவுதான், ஆனால் சத்தம் கொசு ரீங்காரம் மாதிரி இருந்தது. பெரியதை எடுக்கச் சொல்லி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரோட்டுக்குக் கொண்டுபோய்ப் பேச வைத்துக் கேட்டால்தான் வாங்குவேன் என்றேன். கடை முதலாளியே சிரித்துக்கொண்டு கூட வந்தார். பஸ் ஹார்ன் அடிக்கிற இடத்தில் நின்றுகொண்டு பேனாவை அப்பா கையில் திணித்தேன். அவர் என்னை முறைத்துக்கொண்டே, அந்தத் தடித்த கையெழுத்தில், ‘வேண்டாம்’ என்று எழுதினார். பட்டனைத் தொட்டதும் அது கணீரென்று "வேண்டாம்" என்றது, அதுவும் பொம்பளைக் குரலில்! ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு உன் அப்பா வாய் விட்டுச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். "சொல்லிட்டீங்கல்ல, அப்ப வாங்கியாச்சு" என்று முதலாளியைப் பில் போடச் சொன்னேன். உன் அப்பா தோள் குலுங்கச் சிரித்தார். எத்தனை மாதம் ஆயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து.

சுவாதி லீவில் வருகிறவரை அந்தக் குரலை மாற்ற எங்களுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் கொளஞ்சி வந்து வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்த்து, "யாருக்கா வூட்டுல, புதுசா ஒரு பொம்பள சத்தம் கேக்குது, அண்ணங்கூட மல்லுக்கு நிக்கிறா" என்று கேட்டாள். அப்பா உள்ளே இருந்தே, "நான்தான் கொளஞ்சி, காப்பி குடிச்சுட்டுப் போ" என்று எழுதிப் பேச வைத்தார். அவள் அலறிக்கொண்டு ஓடினாள். சுவாதி வந்து ஆம்பளைக் குரலுக்கு மாற்றிக் கொடுத்தாள். முதலில் அவர் புத்தகத்தில் இருப்பதுபோல எழுதிப் பார்த்தார், ரேடியோ செய்தி மாதிரி வந்தது, பிடிக்கவில்லை. பிறகு வாயில் வருகிறபடியே எழுதினார், "அடியே முத்தாயி, ரசத்துல உப்பு இல்லடி" என்று வந்தது பார், அடுப்படியில் எனக்குக் கரண்டி கை தவறி விழுந்தது. குரல் யாருடையதோ, பேச்சு அவருடையது. உப்பு இல்லை என்று திட்டு வாங்கியதற்குச் சந்தோஷப்பட்டு அழுதவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்திதான் இருப்பேன்.

இப்போது நிச்சயதார்த்தத்தில் நடந்ததை நடந்தபடி கேள். டேப்லெட்டை மைக் செட்டில் சொருகி வைத்திருந்தோம். அரியலூரில் இருந்து வந்த மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து முதல் தரம் கேட்டார், "சம்மதம்" என்றது மண்டபம் முழுக்க. இரண்டாம் தரமும் அப்படியே. உன் சித்தப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது. மூன்றாம் தரம் கேட்டதும் அப்பா குனிந்து எழுத ஆரம்பித்தார், எழுதுகிறார் எழுதுகிறார், முடியவே இல்லை. சபை சலசலத்தது. "பொட்டி நின்னு போச்சுபோல, நாஞ் சொல்லிடுறேன்" என்று சித்தப்பா துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "ஒக்காருங்க தம்பி, அவரு எழுதுறாரு" என்றேன், கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். அப்புறம் அது பேசியது. "எங்கிட்ட மூணு தரம் கேட்டீங்க. எம்மவகிட்ட யாராச்சும் ஒரு தரம் கேட்டீங்களா? சுவாதி, ஒனக்குச் சம்மதமா? மனசுல உள்ளதச் சொல்லு தாயி."

இப்படிக் கேட்கப் போகிறார் என்று என்னிடமும் சொல்லவில்லை. சுவாதி எழுந்து நின்றாள். "மாப்பிள்ளைய புடிச்சிருக்குப்பா. தையில மட்டும் வேணாம். பி.எட். பரீட்சை வைகாசியில வருது, எழுதிட்டு வரேன்" என்றாள். தையில் கல்யாணம், படிப்பை அப்புறம் பார்க்கலாம் என்று நாம் எல்லோரும் சேர்ந்து அவள் தலையில் கட்டியிருந்தோமே, நீ உன் லீவுக்குத் தோதாக, சித்தப்பா மண்டபத்துக்குத் தோதாக, நான் ஊர் வாய்க்குப் பயந்து. எழுதப் பழக்குகிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை, ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டவர் அப்பா ஒருத்தர்தான். மாப்பிள்ளையின் பெரியப்பா, "மிஷினு பேசுறதெல்லாம் ஒரு பேச்சா" என்றார். நான் எழுந்துவிட்டேன். "எழுதுனது அவரு கையி, பேசுனது அவரு பேச்சு. கேட்ட கேள்வியில தப்பிருந்தா சொல்லுங்க" என்றேன். மாப்பிள்ளைதான் எழுந்து, "கேட்டது நியாயந்தான் பெரியப்பா, பரீட்சை முடியட்டும், ஆவணியில வச்சுக்கலாம், நான் இருக்கேன்" என்றார். நல்ல பிள்ளை, எனக்கு அந்த நிமிஷம்தான் அவரை நிஜமாகப் பிடித்தது. பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்றாம் தரத்தை மறுபடி கேட்டார், அப்பா ஒரே வார்த்தை எழுதினார், தட்டு மாற்றினோம், பந்தியில் வடை பாயசத்தோடு எல்லோரும் சாப்பிட்டார்கள், உன் சித்தப்பா இரண்டு தரம் பாயசம் வாங்கினார். இதில் மானம் எங்கே போயிற்று என்று நீயே சொல்.

குரல் இருந்த காலத்தில் உன் அப்பா இந்த வீட்டில் யாரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, என்னையும் கேட்டதில்லை, உன்னை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்று உன்னையும் கேட்டதில்லை. இப்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் குனிந்து எழுத வேண்டியிருக்கிறது, அதனால் பார்த்துப் பார்த்துப் பேசுகிறார். சித்தப்பா பேசியிருந்தால் மூன்று சம்மதமும் மூச்சு விடாமல் முடிந்திருக்கும், உன் தங்கை தையில் புத்தகத்தைக் கட்டி வைத்துவிட்டுப் போயிருப்பாள். வாங்கியது வீண் என்று இனி ஒரு தரம் சொன்னாய் என்றால் எனக்குக் கெட்ட கோபம் வரும். தைக்கு டிக்கெட் போட்டுவிட்டேன் என்று குதிக்கிறாய், தைக்கே வா, கல்யாணம் இல்லாவிட்டால் பெற்றவர்களைப் பார்க்க வரக் கூடாதா? ஆவணிக்கும் லீவு கேட்டு வை. வருகிற கோடையில் கபடிக்குக் கூப்பிடுகிறோம் என்று கமிட்டிக்காரர்கள் வந்து சொல்லியிருக்கிறார்கள், எழுதுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடுமே என்றேன், ‘பரிசு குடுக்கறப்ப பேசுறேன்டி’ என்று எழுதினார்.

வெயிலில் வேலை செய்கிறாய், தண்ணீர் நிறையக் குடி. எண்ணெய் தேய்த்துக் குளி. ராஜேஷிடம் கொடுத்த அதிரசத்தை ரூமில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு உனக்கும் நாலு எடுத்து வை. நீ தீர்க்காயுசாக, மனசு நிறைந்து இருக்க வேண்டும், என் கோபமெல்லாம் இந்தக் காகிதத்தோடு சரி, என் ஆசீர்வாதம் எப்போதும் உன்னோடுதான்.

ஒன்றை மட்டும் மறக்காதே. நேற்று அப்பா தானாகவே உனக்குப் போன் போட்டார், டேப்லெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. நீ ஹலோ ஹலோ என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, சத்தம் இல்லை என்று வைத்துவிட்டாய். அவர் ‘கலை, சாப்புட்டியாடா’ என்று எழுதிக்கொண்டிருந்தார், பாதியில் பேனாவை மூடி வைத்தார். இனிமேல் அவர் நம்பரில் இருந்து வந்தால் சத்தம் கேட்கவில்லை என்று வைத்துவிடாதே. கொஞ்சம் பொறு, அவர் எழுதிக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா
சி. முத்தாயி