நான் தேய்த்த போட்டின் அடி

கொட்டாஞ்சேனை,
வியாழன் பின்னேரம்.

அன்பு மகள் ஐறீனுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் இங்கே உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகனும் அந்த மிலான் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க மன்றாடுகிறோம். அம்மாவுக்குச் சீனி வருத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனாலும் பால் விடாத பிளேன்ரீக்கு ஒளித்துச் சீனி போடுகிறா, கேட்டால் என்மேலேயே பாய்கிறா. போனில் கதைத்தால் பக்கத்தில் வந்து நிற்பா, அதனால்தான் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன், வாசித்தவுடன் அழித்துவிடு. மகள், எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த அறுபத்திநாலு வயதில் இப்படிப் பயந்ததில்லை.

கொள்ளுப்பிட்டியில் கடை வைத்திருக்கிற இராமருடைய ஸ்பீட் போட் முகத்துவாரத்தில் இருக்கிற நமது போட் திருத்தும் பட்டறைக்கு வந்த கதையை உன் தம்பி டிலான் சொல்லியிருப்பான். ஞாயிற்றுக்கிழமை பொல்கொடை ஏரியில் போட்டி, ஓட்டப்போகிறவன் டிலான்தான். வேகம் காணாது, மூக்குத் தண்ணிக்குள்ள அமுங்குது என்று இராமர் சொன்னார். உக்கின உள்தளத்தைக் கழற்றிவிட்டு, போட்டைக் கவிழ்த்து, முன்னுக்கும் பின்னுக்கும் மட்டும் தாங்கலுக்கு டயர் கொடுத்து, அடியில் நேரான அலுமினியச் சட்டத்தை வைத்துப் பார்த்தேன். நடுவில் பள்ளம், பின் விளிம்பு மேடு. அந்த மேடுதான் மூக்கை அமுக்குகிறது என்று மூன்று நாள் கிரைண்டர் பிடித்துத் தேய்த்தேன். டிலான் தடவிப் பார்த்துவிட்டு, எங்கட அப்பா கைவச்சாப் பிழை வருமா என்று இராமரிடமே பெருமையடித்தான்.

புதுத்தளம் போட்டு நிமிர்த்தி, இன்று காலை அவன் ஆற்றுவாயில் அரைவேகத்தில் ஓட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தான். குதிரை மாதிரித் துள்ளுது அப்பா, முழு வேகம் குடுத்தாச் சரியாயிடும் என்றான். அடி நேராக இருந்தால் துள்ளாதே மகள். அவன் சாப்பிட உட்கார்ந்த நேரம் நான் பட்டறைக்கு ஓடிப்போய், ட்ரெயிலருக்குக் கீழே படுத்துச் சட்டத்தைப் பிடித்தேன். பின்னுக்குச் சட்டத்துக்கும் அடிக்கும் இடையில் என் விரல் புகுந்தது. அங்கே மேடு ஒருநாளும் இருந்ததில்லை மகள்! தளம் இல்லாத வெறும் கூடு நடுவில் தாங்கல் இல்லாமல் தொய்ந்திருக்கிறது, நான் அதைப் பார்த்து இல்லாத மேட்டைத் தேய்த்துத் தள்ளியிருக்கிறேன். மூக்கு அமுங்கினது முன்னுக்கு வைத்த பெற்றோல் டாங்கியின் பாரத்தாலேயே இருக்கும். இப்போது அடி பின்னுக்கு மேல்நோக்கி வளைந்து போயிற்று. முழு வேகத்தில் மூக்கு எழும்பி எழும்பி அடிக்கும், ஒரு துள்ளலில் புரண்டாலும் புரளும், உள்ளே இருப்பது என் பிள்ளை.

கவிழ்த்தால் நடுவுக்குத் தாங்கல் கொடு என்று அவன் தலையில் குட்டிக் குட்டிப் பழக்கினவனே நான்தான். அவசரத்தில் நானே மறந்தேன், கிழட்டு மாடு மாதிரி. சொல்லலாம் என்று வீட்டுக்கு வந்தேன், அவன் முகத்தைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்றுதான் கேட்டேன். பிறகு என்ன செய்தேன் தெரியுமா, அவன் குளிக்கப் போனதும் திரும்பிப் போய், ஞாயிற்றுக்கிழமை போட் ஓடமுடியாமல் போகட்டும் என்று டிரில் மெஷினால் அடியில் மூன்று ஓட்டை போட்டேன். போட்டு முடித்து மூச்சு வாங்கும்போதுதான் விளங்கியது, இரண்டு மணித்தியாலத்தில் அவன் அதை அடைத்துவிடுவான், சனிக்கிழமைக்குள் காய்ந்து இறுகிவிடும். அப்படி அடைக்கக் காட்டிக்கொடுத்ததும் நான்தான்.

ஆகையால் இன்றைக்கு எங்கட நேரம் இரவு ஏழு மணிக்கு அவனுக்குப் போனில் கோல் எடு. உனக்கு வேலை நேரம், எப்படியாவது ஐந்து நிமிடம் கேட்டு எடு. நீ ஒன்றும் சொல்லவேண்டாம், அப்பாவைப் பக்கத்தில் கூப்பிடு என்று மட்டும் சொல்லு, மிச்ச உண்மையை நானே சொல்லுகிறேன். நான் மழையைப் பற்றி, விலைவாசியைப் பற்றித் தொடங்கினால் விட்டுவிடாதே, பிடித்து நிறுத்து. அவன் என்னை என்ன நினைத்தாலும் பரவாயில்லை, உயிரோடு இருந்து நினைக்கட்டும்.

அந்தோனியார் உன் வீட்டையும் மருமகனையும் காப்பாற்றட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. ஏழு மணியை மறந்துவிடாதே.

பயந்துபோய் இருக்கும் உன் அப்பா,
கிளெமென்ற்

பி.கு. மகள், டிலான் பட்டறைக்குப் போய்விட்டு வந்துவிட்டான். எவனோ போட்டில ஓட்டை போட்டிருக்கிறான் அப்பா, பிடிச்சனெண்டாக் கையை முறிப்பன் என்று வாசலில் நின்று கத்துகிறான். ஏழு மணிவரைக்கும் காத்திருக்க ஏலாது. இதை அனுப்பிவிட்டு, அந்தக் கை இதுதான் என்று போய் நீட்டப்போகிறேன். நீ எடுக்கும்போது எங்கள் இரண்டு பேரில் யார் அழுதாலும் போனை வைத்துவிடாதே.