கொலைகாரனுக்குப் போன மெட்டு

மார்ச் 3, திங்கள்

இயக்குநர் வந்திருந்தாள். சின்னப் பெண். இது அவளுக்கு இரண்டாவது படம். ஒயர்களை மிதித்துவிடாமல் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்து வந்தாள். தம்பி நாற்காலியைத் தள்ளிப் போட்டான். அவள் தரையிலேயே உட்கார்ந்துகொண்டு கதையைச் சொன்னாள்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு லிஃப்ட் பழுது பார்க்க வருகிறான் ஒருவன். குடிக்கத் தண்ணீர் கேட்டு வீட்டுக்குள் நுழைந்து கொலை செய்கிறான். அவனைத் தேடி அலைகிறாள் ஒரு பெண் போலீஸ். "கொலையை நான் காட்டவே மாட்டேன். அவன் உள்ள போவான், கதவு மூடும், கேமரா வெளியவே நிக்கும். மூடின கதவை ஜனங்க பாத்துட்டு உக்காந்திருக்கணும். அந்த நேரம் முழுக்க உங்க கையிலதான் இருக்கு."

வயலின் கூட்டம், முரசு எதுவும் வேண்டாமாம். சிந்தசைசர் மட்டும். அதனால்தான் எங்களைத் தேடி வந்தாளாம். நான், நெட்டை, என் தம்பி. ஒரு காலத்தில் மேடை மேடையாக வாசித்த குழு. எங்கள் மகள் பொடிசு போனதிலிருந்து மேடை ஏறவில்லை. மூன்று பேரும் பின்னறையில் உட்கார்ந்து விளம்பரங்களுக்கு டிங் டிங் என்று தட்டிக்கொண்டிருக்கிறோம்.

அவள் போனதும் தம்பி சொன்னான்: "மாமா, இனிமே லிஃப்ட் ரிப்பேர்னா நான் படிக்கட்டுலயே ஏறிக்கறேன்." நெட்டை சிரித்தான். என் வீட்டுக்காரனுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே மறந்துபோயிருந்தது எனக்கு.

மார்ச் 5, புதன்

நாள் முழுக்க ஒரே சத்தத்தைச் செதுக்கினேன். தம்பி அதற்கு 'மிக்ஸி கெட்டுப்போச்சு' என்று பெயர் வைத்திருக்கிறான்.

மார்ச் 11, செவ்வாய்

துரத்தல் காட்சிக்குப் போட்டது பிடித்துவிட்டது. தம்பியின் டிரம் மெஷின் மூச்சிரைக்க ஓடுகிறது, அதன் மேல் நெட்டையின் அடித்தொண்டைச் சுரம். மூடிய கதவுக்குத்தான் ஒன்றும் அமையவில்லை. அனுப்பியதெல்லாம் திரும்பி வருகிறது.

இயக்குநர் போனில் சொன்னாள்: "அக்கா, நீங்க பயமுறுத்தப் பாக்கறீங்க. அவன் உள்ள நிம்மதியா இருக்கான். அவனுக்கு அங்கதான் நிம்மதியே. அது வேணும்."

நிம்மதிக்கு நான் எங்கே போவது.

ஸ்டூடியோ என்று பேர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் பொடிசின் அறை. அவளுக்காக வாங்கிய மெத்தைகளைத்தான் சுவரில் ஆணியடித்துச் சத்தம் வெளியே போகாமல் தடுத்திருக்கிறோம். நெட்டைதான் அடித்தான். ஒரு வார்த்தை பேசாமல் அடித்தான். காய்ச்சலில் அவள் போன நாளிலிருந்து அவள் பேச்சை அவன் எடுத்ததே இல்லை. நான் எடுத்தால் எழுந்து போய்விடுவான். நானும் நிறுத்திக்கொண்டேன். ஒரே வீட்டில், ஒரே துக்கம், தனித்தனி தட்டு.

மார்ச் 14, வெள்ளி

நெட்டை தானே ஏதோ அனுப்பினானாம், இயக்குநர் துள்ளிக் குதிக்கிறாள். "இதுதான், இதுதான்" என்று போனிலேயே. அது என்ன என்று அவனிடம் கேட்டேன். "பழசு ஒண்ணு கிடந்துச்சு" என்றான். ஹெட்போனைக் கழற்றவில்லை.

போகட்டும். இன்றைக்கு நன்றாகத் தூங்குவேன்.

மார்ச் 20, வியாழன்

ஒழுங்காக எழுத வருமா தெரியவில்லை.

காலையில் படத்தைப் போட்டுக் காட்டக் கூப்பிட்டிருந்தார்கள். சின்ன அரங்கம், நாங்கள் மூவர், இயக்குநர், படத்தொகுப்பாளர். லிஃப்ட்காரன் தண்ணீர் கேட்கிறான். அந்த வீட்டு அம்மாள் உள்ளே போகிறாள். அவனும் போகிறான். கதவு மூடியது.

முதல் சுரத்திலேயே தெரிந்துவிட்டது.

அது பொடிசின் மெட்டு. மத்தியானம் தூங்க அடம்பிடிக்கும்போது அவளை மடியில் வைத்துக்கொண்டு வாசிப்பேனே, அந்த அஞ்சு சுரம். நான் வாசிப்பேன், அவள் குமிழைத் திருகுவாள். சத்தத்தைத் திறக்கிற, மூடுகிற குமிழ். திருகினால் மெட்டு விரியும், திருப்பினால் போர்வைக்குள் போனதுபோல் அடங்கும். "தொற", "மூடு" என்று அவளே சொல்லிக்கொள்வாள். ஒருநாள் நெட்டை ஓசைப்படாமல் பின்னால் நின்று பதிவு செய்தான்.

அந்தப் பதிவேதான். அந்த விரிதலும் அடங்கலும் அவள் கை. படத்தில் அது கொலைகாரனின் மூச்சு மாதிரி இருக்கிறது.

விளக்கு போட்டதும் இயக்குநர் சொன்னாள்: "சார், அந்தத் திருகல் இருக்கே, பழகின ஆளு யாரும் அப்படித் திருக மாட்டாங்க. எங்கேர்ந்து பிடிச்சீங்க?" நெட்டை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வெளியே வந்து தண்ணீர் மெஷின் பக்கத்தில் நின்றேன். பின்னாலேயே தம்பி வந்தான். அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கும் தெரிந்திருந்தது.

சாயங்காலம்

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் கேட்டேன்.

"எப்படிடா மனசு வந்துச்சு?"

"பெட்டிக்குள்ள கிடந்து என்ன ஆகப்போகுது?"

"கொலைகாரனுக்கா குடுப்ப? என் புள்ள கையை?"

"உன் புள்ள." திருப்பிச் சொன்னான். அப்புறம் மெதுவாக, "என் புள்ள இல்லையா?"

நான் கத்தினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று நினைவில்லை. ரெண்டு வருஷமா வாயே திறக்கலையேடா, திறந்ததும் இதுதானா என்று கேட்டது நினைவிருக்கிறது. அவன் கத்தவில்லை. ஷூ கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்தபடியே சொன்னான்:

"அதை என்னால தனியா கேக்க முடியல. இருட்டுல நூறு பேரோட உக்காந்து கேக்கலாம்னு நெனச்சேன். எல்லாரும் மூச்சை அடக்கிட்டுக் கேப்பாங்க. யாருக்கும் என்னன்னு தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்."

"எனக்கு?"

குனிந்து ஷூ முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினான்.

எனக்கு? என்னைக் கேட்டிருக்கணுமா இல்லையா? நான்தானே வாசிச்சேன். என் மடிதானே.

மார்ச் 21, வெள்ளி

தம்பி சோறு வாங்கி வந்து வைத்துவிட்டு, சொல்லாமல் போய்விட்டான்.

மார்ச் 24, திங்கள்

அதே மெட்டை நானே வாசித்து, நானே திருகி, பழையதற்குப் பதிலாக மாற்றிவிடலாம் என்று பார்த்தேன். யாருக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. காலையிலிருந்து திருகினேன். வரவில்லை. என் கை அடுத்த சுரம் எங்கே வருகிறதென்று தெரிந்து திருகுகிறது. அவளுக்குத் தெரியாது. சுரம் வந்த பிறகுதான் ஆச்சரியப்பட்டுத் திருகுவாள்.

தெரியாத மாதிரி நடிக்கும் கையை எங்கே வாங்குவது.

மார்ச் 27, வியாழன்

இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். படத்தொகுப்பு அறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து சொன்னேன். அழாமல் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துதான் போனேன். பாதி வரை முடிந்தது.

அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது."

"உன் மேல தப்பு இல்லம்மா."

"எடுத்துடறேன். இன்னிக்கே எடுத்துடறேன். ஆனா ஒண்ணு சொல்லணும். இல்லேன்னா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும். படத்துக்கு அதுதான் சரி. அது இல்லாம அந்தக் கதவு வெறும் கதவு."

"தெரியும்" என்றேன். உண்மையாகவே தெரியும். வாசிப்பவள் இல்லையா நான். கேட்ட அந்தக் கணமே, நெஞ்சு வெடிக்கும்போதே, மூளையின் ஒரு மூலை 'எவ்வளவு பொருத்தம்' என்று சொன்னது. அந்த மூலையைப் பிடுங்கி எறியத் தோன்றுகிறது.

ஏப்ரல் 2, புதன்

படத்தின் ஒலிகளைக் கலக்கும் மிக்ஸிங்குக்கு நாள் நெருங்கிவிட்டது. பழைய சிந்தசைசர் ஒன்று உண்டு, சூடேறும் வரை சுருதி நிற்காமல் நழுவும். வழக்கமாகக் காத்திருந்துதான் வாசிப்போம். இன்று காத்திருக்கவில்லை. ஆன் செய்ததும் ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அது தானாக, யாரும் தொடாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போனது. தம்பி பதிவு செய்தான். விரலை எடுத்ததும் அவன் ஹெட்போனைக் கழற்றினான்.

"அக்கா, இது போதும்."

இயக்குநருக்கு அனுப்பினோம். "சரி" என்று பதில் வந்தது. துள்ளவில்லை. ஆனால் சரி என்றாள்.

நெட்டை வாசலில் நின்று கேட்டிருக்கிறான். "நல்லா இருக்கு" என்றான். பொய் சொல்லும் குரல் இல்லை அது. பிறகு அவன் அண்ணன் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருக்கப் போவதாகச் சொன்னான். பை ஏற்கனவே கட்டி வைத்திருந்தான்.

"எம்மேல கோவமா?" என்றேன். நான்தானே கோபமாக இருக்க வேண்டியவள். கேள்வி எப்படியோ மாறிப் போயிற்று.

"கோவம் இல்ல. அதுல அவ கை அசைஞ்சிட்டே இருந்துச்சு. ஒவ்வொரு ஊர்லயும், ஒவ்வொரு ஷோவுலயும் அசைஞ்சிட்டே இருந்திருக்கும். நீ நிறுத்திட்ட."

ஒரு தாயைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது.

போய்விட்டான். படியிறங்கும் சத்தம் கடைசிப் படி வரை கேட்டது.

ஏப்ரல் 17, வியாழன்

போன் வரவில்லை. நானும் பண்ணவில்லை.

ஜூன் 27, வெள்ளி

படம் வெளியானது. தம்பி விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போனான். அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஒருவர் சிப்ஸ் பாக்கெட்டை நசுக்கிக்கொண்டே இருந்தார்.

கதவு மூடியது. என் சுரம் நழுவத் தொடங்கியது. பாக்கெட் சத்தம் நின்றது. பக்கத்தில் இருந்த பெண் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருட்டில் அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு, மூடிய கதவையே பார்த்துக்கொண்டு.

அப்போதுதான் அவன் சொன்னது எனக்குப் புரிந்தது.

இத்தனை பேர் ஒன்றாக மூச்சடக்கிக் கேட்டிருப்பார்கள் அவள் கையை. எதற்காக வேண்டுமானாலும் இருக்கட்டும். கேட்டிருப்பார்கள்.

நான் செய்தது தப்பு என்று இப்போதும் தோன்றவில்லை. மறுபடி கேட்டாலும் எடுத்துவிடத்தான் சொல்வேன். ஆனால் அவன் செய்ததும் — எழுத வரவில்லை. அன்றே புரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? புரிந்து இப்போது என்ன செய்ய?

வெளியே வந்ததும் தம்பி கேட்டான்: "மாமாவுக்குப் போன் போடட்டுமா?" வேண்டாம் என்றேன். போட்டிருக்கலாம்.

ஜூலை 9, புதன்

அண்ணி பேசினாள், நெட்டையின் அண்ணன் மனைவி. அவன் வேலைக்குச் சேர்ந்துவிட்டானாம், ஒரு வானொலி நிலையத்தில். நன்றாகச் சாப்பிடுகிறானாம். "நீ ஒரு வார்த்தை கூப்பிடேன்மா" என்றாள். கூப்பிட்டேன். நலமா என்றேன், நலம் என்றான். நீ எப்படி என்றான், இருக்கேன் என்றேன். அதற்கு மேல் இரண்டு பேரிடமும் சரக்கு இல்லை.

செப்டம்பர் 8, திங்கள்

நானும் நெட்டையும் மெஷின்களைப் பிரித்துக்கொண்டோம். சண்டை இல்லை. இது உனக்கு, இது எனக்கு என்று சாவகாசமாக, ஒயர்களைச் சுருட்டிக் கட்டி. "உனக்கு வேணும்னா வச்சுக்கோ" என்று ஒவ்வொன்றுக்கும் இருவரும் சொல்லிக்கொண்டிருந்ததில் மத்தியானம் ஆகிவிட்டது.

அந்தப் பதிவை மட்டும் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. நகல் எடுத்தோம். கம்ப்யூட்டரில் பச்சைக் கோடு நகர்ந்து முடியும்வரை பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தோம்.

"பொடிசு உன் மடியில எந்தப் பக்கம் உக்காருவா?" என்று கேட்டார். அவர் வாயிலிருந்து அவள் பெயர். "நான் பின்னாடி நின்னுட்டு இருந்தேன். உன் முதுகுதான் தெரிஞ்சுது."

"வலது பக்கம். அப்பதான் இடது கை குமிழுக்கு எட்டும்."

"இடது கையா?"

"ஆமா. இடக்கை அவ. சோறு கூட அதுலதான் எடுப்பா, நீ திட்டுவ."

"திட்டினேன்ல" என்றார். சுருட்டிய ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் தோளைத் தொட்டேன். தொட விட்டார். அவ்வளவுதான். கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

எழுதியதைப் படித்துப் பார்க்கிறேன். 'அவர்' என்று எழுதியிருக்கிறேன். எப்போது மாறியது?

நவம்பர் 5, புதன்

புதுப் படம் ஒன்றுக்குத் தயாரிப்பாளர் அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் பேசினார். ஒப்பந்தத்தில் போட வேண்டுமாம், உங்க குழுவுல எத்தனை பேரும்மா என்று கேட்டார்.

ரெண்டு பேர் என்றேன். சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, மறுபடி கேட்டார். மறுபடியும் சொன்னேன்.