நீ நிறுத்தச் சொன்ன வரிகள்

என் அன்பு லூசம்மா,

உன் மகளை நான் வீட்டைவிட்டு விரட்டிவிட்டேன் என்று கோவிலில் பேசிக்கொள்கிறார்கள். பூசை முடிந்து படியிறங்கும்போது என் காதில் விழும்படியே சொல்கிறார்கள். அது உண்மையல்ல. பிலோமி தானாகத்தான் போனாள். நான் தடுக்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பது எல்லோருக்கும் தெரியவேண்டும், முதலில் உனக்கு. தடுக்காமல் நின்றது விரட்டியதைவிடப் பெரிய குற்றமா என்பதை நீயே சொல்.

உன் அண்ணன், என் வீட்டுக்காரர், கண்மூடிய பிறகு நாம் இரண்டு விதவைகளும் பிலோமியும் ஒரே கூரையின் கீழ் பதினோரு வருஷம் இருந்தோம். நீ இறந்துபோன மறு வருஷமே என் கண்ணில் புரை விழுந்தது. பாளையத்தில் நம் தெருவுக்கு மின்சார விளக்கு வந்துவிட்டது, தெரியுமா? கூடத்தின் நடுவில் ஒன்று தொங்குகிறது. வெளிச்சம் வந்த நேரத்தில் எனக்குப் பார்வை போயிற்று. எழுத முடிகிறது, கை பழகியது. எழுதியதைப் படிக்கத்தான் முடியவில்லை. ஆகவே மாலை ஜெபமாலை முடிந்ததும் சுவிசேஷம் வாசிப்பது பிலோமியின் வேலையாயிற்று.

அவள் படித்ததெல்லாம் இந்த ஊர் மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அதிலும் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலையும் மலையாளத்தில் இழுத்து முடிப்பாள். எனக்குக் காது பொறுக்கவில்லை. கன்னியர் மடத்துப் பள்ளியில் ஒருத்தி ஒரு சொல் பிசகினால் வகுப்பு முழுவதும் எழுந்து நிற்கவேண்டும். அப்படி வளர்ந்தவள் நான். "மறுபடி வாசி" என்பேன். வாசிப்பாள். "அழுத்திச் சொல்" என்பேன். ஒரு நாள், கடலில் புயலடித்த கதை. படகு தத்தளிக்கிறது, சீடர்கள் அலறுகிறார்கள், நான் அவளை நாலாவது தடவை நிறுத்துகிறேன்.

புத்தகத்தை மூடிவிட்டாள்.

"அத்தை, சேசுவே எழுந்து காற்றை அடங்குன்னு சொன்னாலும் நீங்க அவரையும் விடமாட்டீங்க. உச்சரிப்பு சரியில்ல, ஒண்ணுகூடி, இன்னொரு தடவை சொல்லுங்கோன்னு நிறுத்துவீங்க."

"வாயை அடக்கு."

"அடக்கியாச்சு. இனி வாசிக்கவும் இல்ல."

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்று யாரோ சொல்லியிருந்தார்கள். மறு வாரமே துணிப்பெட்டியோடு புறப்பட்டாள். வாசலில் நின்று, "போயிட்டு வரேன் அத்தை" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். ஆறு மாதமாகிறது.

இப்போது மாலையானால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். நாற்பது வருஷம் வாசித்தவள்! நாலு சுவிசேஷத்தையும் எத்தனை தவக்காலங்களில் தொடங்கி முடித்திருப்பேன்! ஒன்றும் வரவில்லை, லூசம்மா. கதை வருகிறது, வார்த்தை வரவில்லை. வந்தவை ஏதோ சில வரிகள் மட்டும். ஏன் இவை மட்டும் என்று இரண்டு நாள் தவித்தேன். பிறகு தெரிந்தது. எல்லாம் நீ என்னை நிறுத்தி மறுபடி வாசிக்கச் சொன்ன வரிகள்.

இறந்துபோன சிறுமியைச் சேசு எழுப்பிய இடம் நினைவிருக்கிறதா? எழுப்பிவிட்டு, அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொல்கிறார். நான் அதைத் தாண்டி அடுத்த அதிகாரத்துக்குப் போய்விட்டேன். நீ பாயிலிருந்து கையை நீட்டினாய்.

"மதினி, நில்லுங்க. என்ன கொடுத்திருப்பாங்க?"

"அது எழுதப்படவில்லை."

"எழுதலேன்னா கொடுக்காமலா இருந்திருப்பாங்க? கஞ்சியாத்தான் இருக்கும். செத்துப் பிழைச்ச பிள்ளைக்குச் சோறு செரிக்குமா?"

"இது சமையல் புத்தகமில்லை, லூசம்மா."

"இல்லதான். ஆனா உலகத்தையே படைச்சவருக்கு, அந்தப் பிள்ளைக்குப் பசிக்குமேன்னு தோணிச்சே மதினி!"

ஒரு வாரம் அந்த ஒரே வரியை நீ கற்கண்டுபோல வாயில் அடக்கிவைத்திருந்தாய். அரிசி களையும்போது சொன்னாய், துணி உலர்த்தும்போது சொன்னாய். எழுத்தே தெரியாத உனக்கு ஒரு வரி ஒரு வாரத்துக்குக் காணும். எனக்கு ஓர் அதிகாரம் ஒரு மாலைக்குப் போதவில்லை.

அந்தத் தவக்காலத்தில்தான் மடத்துக் கன்னியர் இருவர் நம் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் முன்னால் நீ வழக்கம்போல, "மதினி, இன்னொரு தடவை" என்றாய். பெரிய வியாழனுக்குள் நான் முடித்தாகவேண்டும். அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "வயது ஐம்பது. இன்னும் அரிச்சுவடி வகுப்பைவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள்." எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் உயிரோடிருந்தாய். ஒரு தடவைகூட என்னை நிறுத்தவில்லை. உனக்குப் புத்தி வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அந்த நாலு வருஷமும் பாயில் உட்கார்ந்து எந்த வரிக்காக ஏங்கினாய்? எத்தனை கேள்விகளை விழுங்கினாய்? இனி எனக்கு எப்படித் தெரியும்?

போன சனிக்கிழமை இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். புதுச் சாமியார் சின்ன வயது. அவருடைய லத்தீனில்கூட நான் ஒருமுறை பிழை கண்டுபிடித்திருக்கிறேன்.

"அவரிடம் மன்னிப்புக் கேட்டீர்களா?" என்றார்.

"அவள் இறந்துவிட்டாள், சுவாமி."

"மகளும் இறந்துவிட்டாரா?"

அபராதமாக ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை சொல்லச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, சுவிசேஷத்தில் ஒரே ஒரு வரியை எடுத்து ஒரு வாரம் கேளுங்கள், சின்னப் பிள்ளை கேட்பதுபோல, என்றார். வாசிக்க யார் இருக்கிறார்கள் என்று அவர் விசாரிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நேற்று உன் பாயை விரித்து உட்கார்ந்து பார்த்தேன். சேசு ஒரு குழந்தையை நடுவில் நிறுத்தி, இதைப்போல ஆகுங்கள் என்று காட்டியதை ஞானோபதேச வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு விளக்கியிருப்பேன்! பாயில் உட்கார்ந்தால் குழந்தையாகிவிட முடியுமா? பாயின் ஓரம் பிரிந்திருப்பது கைக்குத் தட்டுப்பட்டது. இதைத் தைக்காமல் விட்டது யார் என்று கோபம்தான் வந்தது. பிறகு எழுந்திருக்க முடியவில்லை. வெகுநேரம் அப்படியே இருந்துவிட்டு, கடைசியில் பால்காரியைக் கூப்பிட்டேன். "அம்மச்சிக்கு எந்து பற்றி?" என்று, எனக்கு என்ன ஆயிற்றென மலையாளத்தில் கேட்டுக்கொண்டே, இரண்டு கக்கத்திலும் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். யாரையும் உதவிக்குக் கூப்பிட்டுப் பழகாத தொண்டை எனக்கு.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பிலோமி திரும்பி வந்து வாசித்தால் நான் திருத்தமாட்டேன். எப்படி இழுத்தாலும் சரி. முதல் நாளே வாய் தவறி ஒன்றிரண்டு வந்துவிடும், என்னை எனக்குத் தெரியும். அப்போது புத்தகத்தை மூடாமல் அவள் ஓர் அதட்டல் போடட்டும், அடங்கிவிடுகிறேன். நடுவில் நிறுத்தி ஏதாவது கேட்கத் தோன்றினால் கேட்கட்டும். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கோவில் பத்திரிகையில் போடக் கொடுக்கிறேன். அது மாதாமாதம் போனக்காட்டுக்கும் போகிறது. எழுதியதை வாசித்துச் சரிபார்க்க என்னால் முடியாது. பிழைகள் பிழைகளாகவே போகட்டும்.

பிலோமி, இது உன் அம்மாவுக்கு எழுதியது. அவளிடம் கேட்கவேண்டியதைக் காலத்தில் கேட்கவில்லை. அதனால் உன்னிடம் கேட்கிறேன். என்னை மன்னித்துக்கொள். வருகிறாயா இல்லையா என்று ஒரு கடிதம் எழுது. மலையாளத்தில் எழுதினாலும் சரி. யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

லூசம்மாவுக்கு மதினியும் உனக்கு அத்தையுமான
அன்னம்மாள்